பரம்படித்த பின்வாசல்

என் தம்பியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையோ மறைத்தேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

பாகூர் பக்கம் வீடு கட்டுகிறவன் கடைக்கால் எடுக்கும் முன் பக்கத்து வீட்டுத் தரையைத்தான் பார்ப்பான். அதைவிட ஓரடியாவது ஏற்றாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. பாகம் பிரித்த இடத்தில் நான் முதலில் கட்டினேன். சில வருடம் கழித்துத் தம்பி லாரி லாரியாகக் கிராவல் கொட்டி, என் தரைக்கு மேல் இரண்டரை அடி ஏற்றிக் கட்டினான். அன்றிலிருந்து என் வீடு பள்ளமாகிவிட்டது. மழையில் என் பின்வாசலில் நிற்பதெல்லாம் அவன் வீட்டுத் தண்ணீர்தான் என்று, கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

போன கார்த்திகையில் என் மனைவி அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்தாள். எங்கள் கக்கூஸ் பின்வாசலின் கோடியில் இருக்கிறது. இருபதடி களிமண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். இடுப்பெலும்பு உடைந்து, அரியூர் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். இன்னொரு முறை விழுந்தால் நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், என்னவோ நான் தள்ளிவிட்டதுபோல.

சிமெண்ட் போடலாம் என்றால் பாசி பிடிக்கும் என்று அவளுக்குப் பயம். யாரோ கல்யாண மண்டப வாசலில் பார்த்த பிளாஸ்டிக் புல்லைச் சொன்னார்கள். கால் வழுக்காது, சேறு ஒட்டாது. பாய்போல் சுருட்டி விற்கிறார்கள். விரிக்க வந்தவன் தரையை ஒரு பார்வை பார்த்தான்.

"கெட்டிக் களியா இருக்குதுண்ணே. ஒரு பக்கமா சரிவா வாட்டம் வச்சு, ஓரத்துல ஜல்லி கொட்டி பைப்பு போட்டுடுங்க. தண்ணி போவ வழி வோணும். அப்புறம் நான் வந்து விரிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருடமாக நெல் போடுகிறவன் நான். வயலில் கால் வைக்காத பயல் எனக்குத் தரை சொல்லிக் கொடுக்கிறான். சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டு, எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். மண்ணை நனைத்தேன், இரண்டு நாள் மிதித்துக் குழைத்தேன், நாற்றங்காலைச் சமன் செய்கிற பரம்புப் பலகையை இழுத்து மட்டம் பார்த்தேன். காய்ந்ததும் மேலே மணல் தூவினேன். அந்தப் பையன் திரும்பி வந்து பார்த்தான். ஓரத்தில் ஜல்லியும் பைப்பும் தேடிவிட்டு, விரித்து ஒட்டிவிட்டுப் போனான். பச்சைப்பசேலென்று இருந்தது. என் மனைவி வாக்கரோடு நடந்து பார்த்தாள். ஊரே வந்து பார்த்தது, தம்பி மட்டும் மாடியில் நின்று பார்த்தான்.

ஐப்பசியில் முதல் மழை அடித்தது. காலையில் பார்த்தால் புல்லின் மேல் நான்கு விரல் தண்ணீர், மூலைக்கு மூலை ஒரே அளவாக, நடவுக்குத் தயாரான வயலாக நிற்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள மதில் ஓரம் நின்று கத்தினேன்.

"உன் வூட்டுத் தண்ணியெல்லாம் என் தலையில வுடறியா? உருப்புடுவியாடா நீ?"

அவன் மாடியிலிருந்து நிதானமாகச் சொன்னான்.

"என் தண்ணி பைப்புல ரோட்டுக்குப் போவுது. உன் தண்ணி உன்கிட்டயே நிக்குது. நல்லாத்தான் பரம்படிச்சிருக்க."

சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அவனைக் கொன்றே போடலாம் என்றிருந்தது. கோபத்தில் புல்லின் ஒரு மூலையைப் பிய்த்துக் கடப்பாரையால் குத்தினேன். மேலே குளம், ஒரு சாண் கீழே காய்ந்த மண். தண்ணீர் கீழே இறங்கக் கூடாது என்றுதான் வயலைக் குழைக்கிறோம். அதையே பின்வாசலிலும் பிசகில்லாமல் செய்திருந்தேன். மதிலடியில் கசிவே இல்லை. இத்தனை வருடம் நான் திட்டிய தண்ணீர் வானத்திலிருந்து நேராக என் மேலேயே விழுந்த தண்ணீர்.

தெரிந்த பிறகும் நான் இறங்கவில்லை. ரோடு என் தரையைவிட மேடு. வாட்டம் வைத்தால் தண்ணீர் போகக்கூடிய ஒரே இடம் தம்பி வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால். அவன் இடத்துக்கு அடியில் பதினைந்தடி பைப்பு போக வேண்டும். அதற்கு அவன் வாசலில் போய் நிற்க வேண்டும். செத்தாலும் மாட்டேன் என்றேன். முறத்தால் தண்ணீரை இறைத்தேன். மறுநாள் மழை திரும்ப நிரப்பியது.

மனைவியின் படுக்கையருகே வைக்கும் சொம்பு, வைத்தபடியே இருப்பதைக் கவனிக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. நீர்க்கடுப்பில் முனகினாள். இன்னா என்று கேட்டேன்.

"குடிச்சா போவணும் இல்ல. நனைஞ்ச புல்லுல எப்படிப் போவறது?"

வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் வரும். தொண்டை கிழிய அவளையே திட்டிவிட்டு வயலுக்குப் போனேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது புல் பாதி சுருட்டிக் கிடந்தது. தம்பி மண்வெட்டியோடு என் பின்வாசலில் நின்று கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தான். மதிலில் ஒரு கல்லைப் பெயர்த்திருந்தான். அவன் பக்கம் பைப்பு ஏற்கெனவே இறங்கியிருந்தது.

"அண்ணி கூப்ட்டு கேட்டாங்க. உனக்காவ வர்ல," என்றான், நிமிராமல்.

நான் இன்னொரு மண்வெட்டியை எடுத்தேன். நான் குழைத்து இறுக்கிய களியை நானே கொத்தினேன். பத்தடிக்கு மூன்று விரல் வாட்டம் வைத்து, ஓரத்தில் ஓட்டை போட்ட பைப்பு, மேலே ஜல்லி. மூன்று நாள் வேலை. அவன் சோற்றைக் கொண்டுவந்து தன் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டான். நான் என் பக்கம் சாப்பிட்டேன். இப்போதும் எனக்கு அவனைப் பிடிக்காது.

நான்காம் நாள் சாயங்காலம் மழை கொட்டியது. அவன் இடத்துக்கு அடியில் என் தண்ணீர் சலசலவென்று போகும் சத்தம் கேட்டது. மழை விட்டதும் என் மனைவி வாக்கரை ஊன்றிக் கோடிவரை போய் வந்தாள். உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். சொம்பைக் கொடுத்தேன். முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

"நீ போயி கேட்டிருந்தா, முதல் மழையன்னிக்கே குடிச்சிருப்பேன்."

காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு நின்றேன்.