கடைசிக் கல்

எனக்கு எட்டு வயதான கோடை விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தப்பாவும் சித்தியும் என்னைத் திருவொற்றியூர்க் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். கடற்கரை என்றால் மணல் கிடையாது. கடல் ஊருக்குள் வராமலிருக்க லாரி லாரியாகக் கொட்டிய பாறாங்கற்கள்தான். வியாசர்பாடியில் மூன்றாம் மாடி வீட்டில் அடைந்து கிடந்த எனக்கு அதுவே பெரிய சுற்றுலா. சித்தி எலுமிச்சை சாதம் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

சாலைக்கு எதிர்ப்புறம் தகரக் கொட்டகை போட்ட ஒயின்ஷாப் பார் இருந்தது. ஒரு சோடா குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார் சித்தப்பா. ஒரு சோடாவுக்கு எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாது. சித்திக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடலைப் பார்க்காமல் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவர் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். போனைச் சித்தி கையில் திணித்துவிட்டு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"கடைசிக் கல்லாண்ட போய் நிக்கிறோம். ஒரு போட்டோ புடி."

சித்தி கை நீட்டுவதற்குள் மூன்று கல் தாண்டியிருந்தார். கல்லெல்லாம் பாசி. அவர் ஒவ்வொரு முறை சாயும்போதும் நானும் கடல் பக்கம் சாய்ந்தேன். கீழே, கற்களின் சந்துகளில் தண்ணீர் புகுந்து களக் களக்கென்று சத்தமிட்டது. கடைசிக் கல்லில் ஓர் அலை அவர் முழங்கால்வரை அடித்தது. ஒரு கால் வழுக்கி நின்றது. நான் அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சித்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

சித்தி போனை நீட்டிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, வெயிலு எதிர்ல அடிக்கிது, மூஞ்சியே தெர்ல. ரெண்டு கல்லு இப்பால வா."

வந்தார். நின்று போஸ் கொடுத்தார்.

"பாப்பா தல கட்டாவுது. இன்னும் ரெண்டு கல்லு. மெதுவா."

இப்படியே பத்துப் பன்னிரண்டு தடவை. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க, அவளுக்குப் படம் நன்றாக விழவேண்டுமாம்.

சாலையோரம் வந்ததும் ஒரே இழுப்பில் என்னைக் கீழே இறக்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் நகம் என் கையில் பதிந்து வலித்தது. சித்தப்பா சுவர் நிழலில் படுத்துத் தூங்கிப்போனார். சாதப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் படங்களைக் காட்டச் சொல்லி நச்சரித்தேன். சித்தி போனைக் கொடுத்தாள். அதில் ஒரு படம்கூட இல்லை.

"எங்க எடுத்தேன்," என்றாள். "உங்க சித்தப்பா காலத்தான் பாத்துகினு இருந்தேன்."

முகம் தெரியவில்லை என்று அத்தனை தடவை கூப்பிட்டவள், காலைப் பார்த்தேன் என்கிறாளே! இவ்வளவு பெரிய பொய்யை நான் கேட்டதேயில்லை. போனை அவள் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.