ஊமை பஸ்

இன்று காலை நகரின் நடுவிலுள்ள சூலே சதுக்கத்தில் பஸ் கதவு உஸ்ஸென்று திறந்தது. அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த புறநகர் இன்சீனின் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது ஊரின் பஸ்ஸெல்லாம் இந்தச் சதுக்கத்துக்குத்தான் வரும். வெற்றிலை குதப்பும் கண்டக்டர்கள் படியில் தொங்கியபடி, "சூலே, சூலே, அக்கா, ஏறு ஏறு!" என்று கூவுவார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அம்மா ஏறுவார். சதுக்கத்தை ஒட்டிய அலுவலகத்தில் அவருக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை. பக்கத்துத் தெருவில் எனக்குப் பள்ளிக்கூடம்.

ஒருநாள் கண்டக்டர்களை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நெற்றிப் பலகையில் எண்ணும் போகும் இடத்தின் பெயரும் எழுதிய புதுப் பஸ்கள் ஊமையாய் வந்தன.

"கூட்டமா இருக்குடா, அடுத்ததுல போவோம்" என்றார் அம்மா. அடுத்த சூலே பஸ் காலியாகவே வந்தது. அதற்கும் அதையே சொன்னார். பலகையைப் பார்க்காமல் டிரைவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் தப்பினால் வேலை போய்விடும்.

எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். மறுபடி சூலே பஸ் வந்ததும் படியில் தாவி ஏறி, "சூலே, சூலே! அக்கா, சீக்கிரம் ஏறு!" என்று கத்தினேன்.

அம்மா ஏறி உட்கார்ந்தார். "உன்னைப் படிக்க வச்சது கண்டக்டர் வேலைக்காடா?" என்று தலையில் குட்டினார்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் சொன்னதில்லை.