மாவுக்கட்டும் மாவுப்பசையும்

அவர் இருபது வருடமாக லாரி ஓட்டுகிறவர். மலைப்பாதையில் ஓட்டியிருக்கிறார். எதிரே வருவது வண்டியா மாடா என்று தெரியாத பனியில் ஓட்டியிருக்கிறார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதர், கிடங்கு வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்த லாரியிலிருந்து இறங்கும்போது, மழையில் நனைந்த படியில் கால் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டார்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "வண்டி என்ன வேகத்துல போச்சு?" என்பதுதான்.

"நின்னுட்டு இருந்துச்சுங்க" என்று சொல்லிச் சொல்லி டிரைவருக்கு வாய் ஓய்ந்துவிட்டது. எலும்பு உடைந்த வலி இரண்டு நாளில் குறைந்தது. இந்த வலி குறையவில்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் ஒரு அம்மாள். சிரிப்பு என்பதே அவர் முகத்தில் கிடையாது. "காலை ஊனக் கூடாது. திரும்ப வரும்போது இந்த எக்ஸ்ரேயை மறக்காம கொண்டுவரணும். இல்லாம வந்தீங்கன்னா பார்க்க மாட்டேன்" என்று சொல்லி, படத்தை ஒரு பெரிய காக்கிக் கவரில் போட்டுக் கொடுத்தார். டிரைவர் அதை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் பத்திரமாகச் செருகி வைத்தார்.

முதல் நான்கு வாரம் எப்படியோ ஓடியது. மனைவி அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை செய்கிறாள். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் வருவாள். பெரிய மகளுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு நாலு. இருவரும் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். டிரைவர் காலை நீட்டித் தூங்குவார். ஐந்தாவது வாரம் மழை வலுத்தது. பள்ளி மைதானத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். இரண்டு வாரம் விடுமுறை விட்டுவிட்டார்கள்.

"ஏங்க, சாப்பாடு மேஜை மேல இருக்கு" என்று குடையை எடுத்துக்கொண்டே சொன்னாள் மனைவி. "பெரியவ, சொன்னா கேட்பா. சின்னவ, சொன்னாக் கேட்க மாட்டா. எப்படியாவது சமாளிச்சுக்கோங்க."

கதவு மூடியதும் டிரைவருக்குக் கை ஓடவில்லை. காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருக்கிற மனிதர். வீட்டுக்கு வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். பிள்ளைகளுக்கு அவர் போனில் கேட்கிற ஒரு பெரிய குரல். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், வீட்டுக்குள் வந்தும் அடங்காது. அந்தக் குரலைக் கேட்டாலே சின்னவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். ஒருநாள் அம்மாவிடம் அவள், "அப்பா எப்பம்மா அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று ரகசியமாகக் கேட்டது அவர் காதில் விழுந்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பெரியவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். அவள் பேச்சு எப்போதும் உத்தரவு போடுகிற தோரணையில்தான் இருக்கும்.

"அப்பா, டீச்சர் வேலை கொடுத்திருக்காங்க. இந்த மழைக்காலத்துல நமக்கு யார் உதவி பண்ணாங்களோ அவங்களுக்கு நம்ம கையாலேயே ஒரு பரிசு செஞ்சு கொடுக்கணும். கடையில வாங்கக் கூடாது."

"சரி, யாருக்குச் செய்யலாம்?"

"எலும்பு டாக்டருக்கு. அவங்கதானே உன் காலை மாவு வெச்சு ஒட்டினாங்க?"

"அது அந்த மாவு இல்ல கண்ணு..."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "அதைச் சாப்பிடலாமா?"

அந்த வாரத்தில் சின்னவள் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது. டிரைவர் தன் குரலை முடிந்தவரை சுருக்கிக்கொண்டு, "சாப்பிடக் கூடாதும்மா. ஆனா சாப்பிடற மாவுலயும் பசை காய்ச்சலாம். பார்க்கறியா?" என்றார். கதவு ஒரு விரல்கடை திறந்தது.

பசை காய்ச்சுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று நினைத்தார். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுப்படியில் நின்று, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு கை மைதாவை அள்ளிப் போட்டார். அது கோலிக்குண்டு கோலிக்குண்டாகத் திரண்டது.

"முதல்ல பச்சைத் தண்ணியில கரைக்கணும்பா. அப்புறம் கிண்டிக்கிட்டே இருக்கணும்" என்றாள் பெரியவள். "அம்மா அப்படித்தான் பண்ணுவாங்க. நீ வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கறே."

சின்னவள் ஆறின உருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அதற்குப் பிறகு கத்தரிக்கோல். பிள்ளைகளின் கத்தரிக்கோல் வளையத்துக்குள் அவர் கட்டைவிரல் போனது, வர மறுத்தது. இழுத்தார், முறுக்கினார், பல்லால்கூட முயன்றார். கடைசியில் பெரியவள் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் விரலை விடுவித்தாள். பதினெட்டு டன் சரக்கைக் கயிறு கட்டி அசையாமல் கொண்டுபோகிற கை, ஒரு காகித வட்டத்தை வெட்டமுடியாமல் வியர்த்தது.

மாலையில் மனைவி வந்து பார்த்தபோது, நாற்காலியில் பசை, தரையில் பசை, சின்னவள் தலைமுடியில் பசை. டிரைவர் கையில் எட்டுக் கோணலாக நசுங்கிய ஒரு காகிதப் பெட்டி. அவள் திட்டுவாள் என்று மூவரும் காத்திருந்தார்கள். அவள் வாசலிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பிறகு ஒரு தாளை எடுத்துக் கணவனிடம் கொடுத்தாள். "இந்தப் பக்கமா கிழிச்சுப் பாருங்க." கிழித்தார், கோடு போட்டது போல நேராகக் கிழிந்தது. "இப்பக் குறுக்க." அது பல் பல்லாகக் கிழிந்து எங்கேயோ போனது.

"காகிதத்துக்கு ஒரு ஓட்டம் இருக்குங்க. அது ஓடற பக்கம் மடிச்சா சொன்னபடி கேட்கும். எதிர்ப்பக்கம் மடிச்சா முரண்டு பிடிக்கும். எங்க பிரிவுல முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பாங்க."

கல்யாணமாகி எட்டு வருடம். அவள் வேலையில் என்ன செய்கிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரம் கேட்டார். எத்தனை தாளை ஒரே அடியில் வெட்டுவார்கள், முதுகுப் பக்கம் எப்படித் தைப்பார்கள், அட்டை வளையாமலிருக்க மேலே என்ன வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாக. அவளும் சலிக்காமல் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அச்சகத்தில் மிச்சமாகும் காகிதத் துண்டுகள் வீட்டுக்கு வரத் தொடங்கின. நீலம், மஞ்சள், பளபளக்கிற அட்டை. நீலத் துண்டுகளைத் துளி துளியாக வெட்டி நூலில் கோர்த்து ஜன்னலில் தொங்கவிட்டார்கள். வெளியே ஒரு மழை, உள்ளே ஒரு மழை. காற்றில் உதிர்ந்த இலைகளைப் பெரியவள் கீழ்வாசலிலிருந்து பொறுக்கி வந்தாள். துடைத்து, வண்ணம் தடவி, தாளில் அழுத்தி எடுத்தால் நரம்பெல்லாம் அப்படியே பதிந்தது.

தாள் தீர்ந்த ஒரு மத்தியானம் சின்னவள் கையில் வண்ணம் தடவிய இலையோடு சுற்றுமுற்றும் பார்த்தாள். வீட்டிலேயே வெள்ளையாக, பெரிதாக இருந்தது ஒன்றுதான்: அப்பாவின் கால். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வை" என்றார் டிரைவர்.

அன்றைக்கு மாலைக்குள் மாவுக்கட்டில் வெள்ளையே தெரியவில்லை. பச்சையும் சிவப்புமாக இலைகள், நடுவில் இரண்டு உள்ளங்கை அச்சு. வேலை முடிந்ததும் சின்னவள் அவருடைய நல்ல காலின் தொடையில் ஏறி உட்கார்ந்து, அங்கேயே தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயும் அவர் அசையவில்லை.

டாக்டருக்கான பரிசு ஒரு அட்டை வீடு என்று பெரியவள் முடிவு செய்திருந்தாள். பிஸ்கட் பெட்டிதான் சுவர். மடிப்பு, பசை எல்லாம் இப்போது அவருக்குக் கைவந்திருந்தது. கூரைக்கு அடுக்கடுக்காகக் காய்ந்த இலை. ஜன்னலுக்குக் கண்ணாடி மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து லாரி முதலாளியிடமிருந்து போன் வந்தது. டிரைவர் பால்கனிக்குப் போய் அரைமணி நேரம் பேசினார். திரும்பி வந்தால், வீட்டுக்கு நாலு பக்கமும் சாம்பல் நிறத்தில், வழவழவென்று, அளவாக வெட்டிய ஜன்னல்கள்.

"அட, அசல் கண்ணாடி மாதிரியே இருக்கே! எங்கேர்ந்து கிடைச்சுது?"

"ஒரு கவருக்குள்ள இருந்துச்சு" என்றாள் பெரியவள்.

மனைவி அச்சகத்திலிருந்து கொண்டுவந்ததாக இருக்கும் என்று நினைத்து, இருவரையும் தட்டிக்கொடுத்தார்.

கட்டுப் பிரிக்கிற நாள் காலையில் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டார். கவர் வந்தது. காற்றுப் போன பலூன் போல லேசாக வந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். அதன் ஜன்னலில் வெள்ளையாக ஏதோ ஒன்று நீளமாகத் தெரிந்தது. அவருடைய எலும்பு.

"யார் இதை வெட்டினது?"

மலைப்பாதைக் குரல். பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம்கூட ஒரு நிமிடம் நின்றது போலிருந்தது. பெரியவளின் உதடு துடித்தது. சின்னவள் மேஜைக்கடியில் மறைந்துவிட்டாள். இத்தனை நாள் கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததை ஒரே கத்தலில் போட்டு உடைத்துவிட்டோமே என்று டிரைவர் நின்றார்.

மேஜைக்கடியிலிருந்து ஒரு கை நீண்டது. அதில் விரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறத் துண்டு.

"அப்பா, உன் கால் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் நழுவிக் கீழே விழுந்தது. பெரியவள் அழுதுகொண்டே சிரித்தாள். மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் அரைநாள் லீவு போடறேன். உங்களைத் தனியா அனுப்பினா அந்த டாக்டரம்மா முழுசா விடமாட்டாங்க" என்றாள்.

நாலு பேருமாக டாக்டர் அறைக்குள் நுழைந்தார்கள். பெரியவள் வீட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் போனாள்.

"எங்க அப்பா காலை ஒட்டினதுக்காக உங்களுக்கு. நாங்களே செஞ்சது."

டாக்டர் வாங்கி மேஜையில் வைத்தார். முகத்தில் மாற்றமில்லை. "சரி. பழைய எக்ஸ்ரே எங்க?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். பெரியவள் செருப்பைப் பார்த்தாள்.

"ஜன்னல்ல" என்றாள் சின்னவள்.

டாக்டர் வீட்டைத் திருப்பினார். எழுந்துபோய், எக்ஸ்ரே பார்க்கிற விளக்கைப் போட்டு, அதன் முன்னால் வீட்டைத் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்க ஜன்னலில் முழங்கால். இன்னொரு பக்கம் கணுக்கால். பின்பக்க ஜன்னலில், நட்டநடுவே, உடைந்த இடம்.

"பரவாயில்லையே" என்றார். "உடைஞ்ச இடத்தை வெட்டாம முழுசா ஒரே ஜன்னலா விட்டிருக்கீங்க. யார் அளவெடுத்தது?"

"நான்தான்" என்றாள் பெரியவள். "அந்தக் கோடு அழகா இருந்துச்சு."

அவ்வளவுதான். டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தமாகவே வந்தது. வெளியே இருந்த நர்ஸ் என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்து பார்த்து, நம்பாமல் இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

புதிதாக ஒரு படம் எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்கில் மாட்டி, பக்கத்தில் வீட்டின் பின்பக்க ஜன்னலைப் பிடித்து, மாறி மாறிப் பார்த்தார். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. "இந்தப் புதுப் படத்தை மட்டும் நானே வெச்சுக்கறேன்" என்றார்.

கட்டை வெட்டும் நேரத்தில்தான் ரகளை. தன் இலைகளை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சின்னவள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். கட்டுப் பிரிப்பவர் இடுப்பில் கை வைத்து யோசித்து, உள்ளங்கை அச்சுகள் இரண்டுக்கும் சேதமில்லாமல் வளைந்து வளைந்து அறுத்தார். கட்டு இரண்டு பாதியாகத் திறந்தது. உள்ளே டிரைவரின் கால் மெலிந்து, வெளுத்து, வேறு யாருடையதோ போலிருந்தது. பிள்ளைகள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆளுக்கொரு பாதியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

ஒரு மாதம் நடந்து பழகிய பிறகு அவர் மறுபடியும் லாரியில் ஏறினார். கிளம்பும் அன்று காலை சின்னவள் கதவுக்குப் பின்னால் போகவில்லை. படிக்கட்டின் கடைசிப்படிவரை கூடவே வந்து, "எப்ப நம்ம வீட்டுக்கு வருவே?" என்று கேட்டாள். "ஆறு நாள்" என்றார். அவள் விரல் விட்டு எண்ணி, இன்னொரு கையின் விரலும் தேவைப்பட்டதால் முகத்தைச் சுளித்தாள்.

அந்தப் பயணத்தின் மூன்றாவது நாள், சரக்கோடு திரும்பிக்கொண்டிருந்தபோது, சாலையோர மரம் ஒன்றின் அடியில் நீளநீளமாகக் காய்ந்த நெற்றுகள் கிடப்பதைப் பார்த்தார். லாரியை ஓரம் கட்டினார். படியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை நிதானமாக ஊன்றி இறங்கினார். பின்னால் வந்த லாரி ஒன்று வேகத்தைக் குறைத்தது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னண்ணே, வண்டி நின்னுடுச்சா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி. இதைக் குலுக்கிப் பாரு, சலங்கை மாதிரி சத்தம் வருது. பிள்ளைங்க வண்ணம் அடிச்சா நல்லா இருக்கும்."

அந்த டிரைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தன் வண்டியையும் ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார்.

"எனக்கும் ஒரு பையன் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.