சஷ்டி விரதத்தில் வந்த வசூல்காரர்

1931ஆம் வருஷம் நவம்பர் மாதம் 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிஷம். மூன்று மணிக்குப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. கந்த சஷ்டி விரதத்தின் நான்காம் நாள். வீட்டில் விளக்கு வைத்தாகிவிட்டது. அப்போது வாசலில் குடையை மடக்கி உதறும் சத்தம் கேட்டது.

முருகனடியார்களே, கடன்பட்டவன் காதில் அந்தச் சத்தம் எப்படி விழும் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குத் தெரியாமலே போகட்டும்.

ஜொகூரில், மூவாருக்குப் பத்து மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். அப்போது வயது ஐம்பத்தெட்டு. மகள் கல்யாணத்துக்காக மூவாரில் ஒரு வட்டிக்கடையில் புரோநோட்டு எழுதி முந்நூறு வெள்ளி வாங்கினேன். வட்டி மாதம் நாலரை வெள்ளி. முப்பது மாதம் ஒழுங்காகக் கட்டினேன். பிறகு ரப்பர் விலை விழுந்தது. அறுபது வெள்ளிச் சம்பளத்தை நாற்பத்திரண்டாக்கினார்கள். நாலு மாதம் வட்டி நின்றது.

வசூலுக்கு வருகிறவர் பெயர் சிதம்பரம். நாற்பது வயது இருக்கும். அவர் வரும்போதெல்லாம் நான் வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் போய் நிற்பேன். என் மனைவி மீனாட்சி, "ரப்பர் பால் நிறுக்கப் போயிருக்காங்க" என்பாள். ஐந்து முறை இப்படி நடந்தது. ஆறாவது முறை சொல்லி அனுப்பிவிட்டார், திங்கட்கிழமை நேராக ஆபீசுக்கே வருவதாக.

எங்கள் துரையின் சட்டம் தோட்டம் முழுக்கத் தெரியும். கடன் கேட்டு ஆபீஸ் வாசலில் ஆள் வந்து நின்றால் கிராணிக்கு அன்றோடு வேலை போயிற்று. வேலை போனால் வீடும் போகும். அது தோட்டத்துடையது. மூன்று நாளில் காலி செய்ய வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? எனக்குத் தூக்கம் போயிற்று. சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி நாலு பொத்தான் அறுந்தது.

சஷ்டிக்குக் காப்புக் கட்டிய நாள் முதல் ஒரே வேண்டுதல்தான். "முருகா, அந்த ஆள் வராமல் பார்த்துக்கொள்." காலையில் நூற்றெட்டு, மாலையில் நூற்றெட்டு.

திங்கட்கிழமைக்கு முன்பே, வீட்டுக்கே வந்துவிட்டார்.

நான் பின்வாசல் பக்கம் எழுந்தேன். மீனாட்சி அசையவில்லை.

"என்ன நிக்கிற? போய்ச் சொல்லு" என்றேன்.

"என்னத்தச் சொல்றது? விரதத்துல நான் பொய் சொல்ல மாட்டேங்க."

"அஞ்சு தடவ சொன்னியே!"

"அது சஷ்டி இல்ல" என்றவள், உரக்கவே கூப்பிட்டாள். "இருக்காங்க தம்பி. உள்ளதான் இருக்காங்க. வாங்க."

முருகா, நீயே கைவிட்டாயா என்று படத்தைப் பார்த்தேன். நனைந்த வேட்டியோடு சிதம்பரம் உள்ளே வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. அவரும் விரதம்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"கிராணியாரே, ஆறு நாளைக்கு ஒருத்தரையும் கடிஞ்சு பேசறதில்லேன்னு காப்புக் கட்டியிருக்கேன். நீங்க பொழச்சீங்க. வர்ற வழியெல்லாம் என்னென்ன சேத்து வச்சிருந்தேன் தெரியுமா?"

மீனாட்சி சிரித்துவிட்டாள். "திங்கக்கெழம பாரணை முடிச்சுட்டு வந்து சொல்லுங்க தம்பி. இப்ப உக்காருங்க. விரதக்காரர வெறும் வாயோட அனுப்ப மாட்டேன்."

ஒரு தம்ளர் பாலும் ஒரு பழமும் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். நானும் வேறு வழியில்லாமல் எதிரில் உட்கார்ந்தேன். உள்ளதைச் சொன்னேன். சம்பளம் இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, கையில் இருப்பது பதினோரு வெள்ளி. சொல்லச் சொல்ல மூச்சு சீரானது.

"மாசம் பதினஞ்சு கட்டிடறேன்" என்றேன். பயம்தான் அப்படிச் சொல்ல வைத்தது.

"பதினஞ்சா? அப்புறம் என்னத்தச் சாப்பிடுவீங்க? மூணாம் மாசம் மறுபடி வெறகுக் கொட்டாயில போய் நிப்பீங்க."

எனக்கு முகம் சுண்டியது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"எட்டுத்தான் முடியும்" என்றாள் மீனாட்சி.

"அது பேச்சு, ஆச்சி. ஆனா முடிவு சொல்ற ஆள் நானில்ல, கடை ஏஜெண்டு. ஞாயித்துக்கெழம சூரசம்ஹாரத்துக்கு மூவார் கோயிலுக்கு வருவார். நீங்களே நேர்ல வந்து கேளுங்க. அதுவரைக்கும் நான் ஆபீசுக்கு வரல."

கையிலிருந்த பதினொன்றை நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "விளக்கு வச்ச வீட்ல, வெள்ளிக்கெழம, நான் காசு வாங்கவா? உள்ள வையுங்க."

இரண்டு இரவுகள் எப்படிக் கழிந்தன என்று கேட்காதீர்கள். ஞாயிறு மாலை கோயில் கூட்டத்தில் ஏஜெண்டின் முன்னால் நின்றேன். அவரும் காப்புக் கட்டியிருந்தார். சிதம்பரமே எனக்காகப் பேசினார். "ஒளியற ஆள்தான். ஆனா இப்ப ஒளியல" என்றார். முதலும் நின்ற வட்டியும் சேர்ந்து முந்நூற்றுப் பதினெட்டு. அன்றோடு வட்டியை நிறுத்தி மாதம் எட்டு வாங்கிக்கொள்ள ஏஜெண்டு ஒப்புக்கொண்டார். "ஆனா ஆள் நேர்ல கொண்டாரணும். ஒரு மாசம் தவறினாலும் பேச்சு முறிஞ்சது" என்றார். அங்கேயே ஆறு வெள்ளி கொடுத்து ரசீதுச் சீட்டு வாங்கினேன். மயில்மேல் வந்தவனைப் பார்த்து அழுதேன்.

அவர் வராமல் தடுக்கச் சொல்லி நான் கேட்டேன். முருகனோ அவரைத் தன் காப்போடு என் வீட்டுக்கு அனுப்பிவைத்தான். அந்த வெள்ளிக்கிழமை அவர் வராமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்திருப்பார், என் கதை முடிந்திருக்கும்.

அடியார்களே, கடன் கேட்டு வருகிறவரைக் கண்டு ஒளியாதீர்கள். கதவைத் திறந்து உள்ளதைச் சொல்லுங்கள். முடியாத தொகைக்குத் தலையாட்டாதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு காசுக்கும் சீட்டு வாங்குங்கள். பயம் வரும். எனக்கு இன்றும் குடைச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பயத்தோடே அவனைக் கூப்பிடுங்கள். கூட நிற்பான்.

1935 பிப்ரவரியில் முப்பத்தொன்பதாவது எட்டு வெள்ளியைக் கட்டிப் புரோநோட்டைத் திரும்ப வாங்கினேன். முந்திய வட்டி நூற்று முப்பத்தைந்து. பிறகு கட்டியது முந்நூற்றுப் பதினெட்டு. மூவாருக்கு நாற்பது முறை போய்வந்த பஸ் கூலி பதினாறு. சிதம்பரம் குடித்த பாலும் தின்ற பழமும் ஆறு காசு. ஆக மொத்தம் நானூற்று அறுபத்தொன்பது வெள்ளி ஆறு காசு.