அடுத்தவர் காரில் சிக்கிய திறப்பு

போன சனிக்கிழமை பட்டப்பகலில், வெள்ளவத்தையில், ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் ஒரு கார் திருட முயன்றேன். நாற்பது நிமிடம்!

நின்றவர்களில் ஒருவர்கூட என்னைத் தடுக்கவில்லை. தடுப்பதா? ஆளுக்கு ஆள் உதவி செய்தார்கள்.

பதறாதீர்கள். அது திருட்டு என்று எனக்கே தெரியாது.

எங்கள் கார் தொண்ணூறுகளில் ஜப்பானில் பிறந்தது. வெள்ளை நிறம். அதே வகை, அதே நிறம் பாமன்கடையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் நான்கு நிற்கின்றன. அன்று மத்தியானம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் பை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். மறுமுனையில் கனடாவிலிருந்து என் தங்கச்சி... மாமியாரைப் பற்றிய முறைப்பாடு, மூன்றாம் பாகம். அப்படியே போய் வெள்ளைக் காரின் கதவுப் பூட்டில் திறப்பைப் போட்டேன். திறந்தது. பைகளைப் பின் சீட்டில் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

முன் கண்ணாடியில் ஒரு செபமாலை தொங்கியது.

எங்கள் காரில் செபமாலை கிடையாது. டாஷ்போர்டில் ஒரு பிள்ளையார்தான் இருப்பார். அவரைக் காணவில்லை. மூளை உள்ள மனுஷி என்றால் அந்த இடத்தில் என்ன நினைப்பாள்? நான் நினைத்தது என்ன தெரியுமா? ‘இவர் எனக்குச் சொல்லாமல் அந்தோனியாருக்கு ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறார்.’

இவர் என்றால் என் கணவர். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தரம் அளந்து பார்த்துத்தான் நம்புவார். ஒரு தரமும் அளக்காமல் நம்புகிற எனக்கு அவரைக் கட்டி வைத்தார்கள்.

தங்கச்சியிடம் “பிறகு எடு” என்று சொல்லிவிட்டு, திறப்பைப் போட்டுத் திருகினேன். கொஞ்சம் திரும்பியது... நின்றுவிட்டது. இன்னும் பலமாகத் திருகினேன். அசையவில்லை. வெளியே இழுத்தேன். வரவில்லை! ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டினேன். ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது.

கொழும்பில் ஒரு பெண் காருக்குள் இருந்து ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினால் கூட்டம் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு நிமிடமே அதிகம்.

முதலில் வந்தவர் பக்கத்தில் தள்ளுவண்டியில் செவ்விளநீர் விற்கிற அய்யா. “மிஸ், சுக்கானம பொட்டக் ஹொலவன்ன” என்றார். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஆட்டு என்கிறார். ஆட்டினேன். அடுத்து, துணிக்கடைக் காவலாளி. “பிரேக்கை மிதிச்சுக்கொண்டு திருகுங்கோ மேடம்!” மிதித்துக்கொண்டு திருகினேன். மருந்துக்கடையிலிருந்து ஒரு தம்பி வந்து, கியரை மாற்றிப் பார்க்கச் சொன்னான். மாற்றினேன். குடையோடு போன ஓர் அம்மா, கண்ணை மூடி முருகனை நினைக்கச் சொன்னா. நினைத்தேன். செபமாலைக்குக் கீழே இருந்து முருகனை நினைத்தது, இப்போது யோசித்தால்...

காவலாளி கடைக்குள் ஓடிப்போய் ஒரு போத்தலோடு வந்தார். தேங்காய் எண்ணெய்! அதையும் திறப்புத் துளையில் விட்டோம். திறப்பு பளபளத்தது. அவ்வளவுதான். அடுத்து அவர் கொண்டுவந்தது சுத்தியல். ஓங்கிய கை இறங்குவதற்குள் ஜன்னல் பக்கம் ஒரு குரல்.

“எக்ஸ்கியூஸ் மீ... என் கார்ல நீங்க என்ன பண்றீங்க?”

திரும்பினேன். என் வயதுதான் இருக்கும். ஊதாச் சேலை, பெரிய தோடு, கையில் தையல்கடைப் பை.

“உங்கட காரோ?” என்றேன்.

“ஆமா. என் கார்.”

“இல்லையே, இது...” என்று தொடங்கி வெளியே பார்த்தேன். மூன்று கார் தள்ளி, அதே வெள்ளை, அதே உருவம், பின்பக்கம் நான் போன வருடம் மதிலில் இடித்த பள்ளத்தோடு எங்கள் கார் சாதுவாக நின்றது.

ஐயோ. அந்த ஐயோவை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் சிரித்தது. சுத்தியலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு காவலாளியும் சிரித்தார். அந்த அக்கா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தா. முகம் வெளுத்துவிட்டது.

“மூன்றாகப் போகுது. நாலு மணிக்கு கொட்டாஞ்சேனைல கல்யாணம். நான்தான் கோயில்ல ஓர்கன் வாசிக்கிறது. ஓர்கன் பழுது, என் கீபோர்ட் இந்த டிக்கில இருக்கு. நான் போகாட்டி அந்தப் பொண்ணு பாட்டே இல்லாம நடந்து வரணும். மாதாவே...”

அவ தன் திறப்பை எடுத்தா. எங்கே போடுவது? துளையில் என் திறப்பு இருக்கிறதே! இரண்டு பேரும் மாறி மாறி இழுத்தோம். ஒரு மயிரிழை அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மழை. சும்மா மழை இல்லை, வாளியால் ஊற்றுகிற மழை. கை காட்டிய ஓட்டோ ஒன்றும் நிற்கவில்லை. நின்ற ஒன்றும் கீபோர்ட் பெட்டியின் நீளத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போனது. என் காரிலே கொண்டுபோய் விடலாம் என்றால், அதன் திறப்பு இங்கே சிக்கியிருக்கிறது. மற்றத் திறப்பு தொலைந்து ஆறு வருடம்.

அவவின் கண் கலங்கிவிட்டது. அதுவரை வெட்கமாக இருந்த எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்!

அப்போது செவ்விளநீர் அய்யா, மழைக்குத் தலையில் ஒரு பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு, தமிழிலும் சிங்களத்திலும் கலந்து ஒரு கேள்வி கேட்டார். “மிஸ்ட திறப்பு மே கார் எக திறக்குது. அப்ப இந்த மிஸ்ட திறப்பு அர கார் எக திறக்காதா?” என் திறப்பு இந்தக் காரைத் திறந்தால், அவவின் திறப்பு அந்தக் காரைத் திறக்காதா என்கிறார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஓடினோம். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நனைந்துகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஓடினோம். அவவின் திறப்பை எங்கள் கார்க் கதவில் போட்டா. திறந்தது! உள்ளே போட்டுத் திருகினா.

முதல் திருகலில் ஸ்டார்ட்! எனக்கு ஒருநாளும் முதல் தரத்தில் ஸ்டார்ட் ஆகாத கார்!

கூட்டம் கைதட்டியது. காவலாளியும் மருந்துக்கடைத் தம்பியும் குடை பிடித்துக் கீபோர்ட்டைத் தூக்கிவந்து பின் சீட்டில் வைத்தார்கள்.

“நீங்க கொண்டு போங்கோ” என்றேன். “நான் மெக்கானிக்கைக் கூப்பிட்டு இதைக் கழற்றுறன். உங்கட காரைத் திறந்தபடி விட்டிட்டு வரேலாது. என்ட வீட்டுத் திறப்பும் அந்த வளையத்திலதான் கிடக்கு.”

“என்னை உங்களுக்குத் தெரியாதே!”

“உங்கட கார் என்னட்ட இருக்குத்தானே?”

அவ என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போயே விட்டா. நான் அவவின் காருக்குள் ஏறி, பாமன்கடையில் கராஜ் வைத்திருக்கிற நிஸாம் நானாவுக்குப் போன் எடுத்தேன்.

“ஸ்டியரிங் ஒரு பக்கத்துக்காவது கொஞ்சம் இளகுதா?”

“இடப்பக்கம் கொஞ்சம்...”

“பலவந்தம் பண்ண வாணாம். எண்ணெய் கிண்ணெய் ஊத்தினீங்களா?”

“கொஞ்சம். தேங்காய் எண்ணெய்.”

“ஏன், பொரிக்கவா?”

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொன்றாகத் தோற்றேன். இப்படியே இருபது நிமிடம். கடைசியில் “ஒண்ணும் தொடாம இரிங்க, நான் வாறன்” என்றார்.

போனைச் சீட்டில் போட்டேன். கண்ணாடியில் மழை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த அக்காவின் பெயர் என்ன? கேட்கவில்லை. போன் நம்பர்? கேட்கவில்லை. எந்தக் கோயில்? கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலா இருக்கிறது? இவரிடம் என்ன சொல்லப்போகிறேன்? ‘கார் எங்க?’ ‘ஒரு அக்காட்ட குடுத்தனான்.’ ‘எந்த அக்கா?’ ‘ஊதாச் சேலை.’

ஒருவேளை இந்தக் காரே அவவுடையதில்லை என்றால்?

நானா மோட்டார் சைக்கிளில், மழைக்கோட்டோடு வந்து சேர நாலு மணி. உள்ளே உட்கார்ந்தார். துளையில் எதையோ விசிறி எண்ணெயைத் துடைத்தெடுத்தார். ஒரு பென்சில் முனையைச் சீவி, அந்தக் கரித்தூளைத் திறப்பின் ஓரத்தில் தடவினார்.

“இப்ப இந்தப் பக்கமா ஸ்டியரிங்க இழுத்துப் புடிங்க. முழுப் பலம் வாணாம். புள்ளயிட கையப் புடிக்கிற மாதிரி.”

பிடித்தேன். அவர் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் திறப்பின் தலையில் மெல்ல மெல்லத் தட்டினார். டொக்... டொக்... டொக். பிறகு இரண்டு விரலால், பாலில் ஆடை எடுக்கிற மாதிரி, திறப்பைப் பின்னுக்குத் திருப்பினார்.

க்ளிக்.

வந்துவிட்டது! நான் போட்ட சத்தத்தில் துணிக்கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானா திறப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. இது இனி யாருட வீட்டுக் கதவையும் திறக்கும். புதுசு ஒண்டு வெட்டுங்க.”

அந்தச் சந்தோசத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். இவரிடமிருந்து ஒன்பது அழைப்புகள்! உடனே திருப்பி எடுத்தேன். மறுமுனையில் கீபோர்ட் இசை முழங்குகிறது. இவர் குசுகுசுவென்று, “உயிரோட இருக்கிறாய்தானே? இப்ப கதைக்கேலாது. கல்யாணப் பொம்பிளை உள்ள வாறா” என்றார்.

வைத்துவிட்டார்!

என்ன நடந்தது என்பதைப் பின்னேரம் இரண்டு பேர் வாயாலும் கேட்டேன். இவர் மூக்குக்கண்ணாடி வாங்கப் போய், கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். முன்னால் எங்கள் கார் போகிறது! எங்கள் நம்பர், நான் இடித்த பள்ளம்... ஓட்டுவதோ முன்பின் தெரியாத ஒரு பெண். எனக்குப் போன் எடுத்தால் பிஸி, பிஸி, பிஸி. முடிவு கட்டிவிட்டார், என்னை எங்கேயோ கட்டிப்போட்டுவிட்டுக் காரைக் கடத்துகிறார்கள் என்று. வாழ்க்கையில் முதல் தடவையாக அளந்து பார்க்காமல் ஓர் ஓட்டோவுக்குள் பாய்ந்து, “அர சுது கார் எக பஸ்ஸென் யமு!” என்று, அந்த வெள்ளைக் காருக்குப் பின்னால் போகச் சொல்லிக் கத்தியிருக்கிறார்.

காலிமுகத்திடல் சிக்னலில் இறங்கி ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியில் தட்டினாராம். நனைந்த தலை, உருட்டிய கண். “பயந்துட்டேன்! பைத்தியம்னு நினைச்சுக் கதவ லொக் பண்ணிட்டு மிதிச்சேன்” என்றா ஜெசிந்தா அக்கா. ஆம், அதுதான் பெயர்.

திரும்பவும் ஓட்டோவில் ஏறித் துரத்தி, கொட்டாஞ்சேனையில் கோயில் வாசலில் பிடித்துவிட்டார். “என்ட மனுஷி எங்க?” என்று இவர் கேட்க, அக்கா ஒரு கணம் பார்த்திருக்கிறா. “ஓ... வெள்ளவத்தை மேடம்ட ஹஸ்பண்டா? நல்லா இருக்காங்க, என் கார்ல இருக்காங்க. அண்ணன், முதல்ல கீபோர்ட்ட இந்தப் பக்கம் புடிங்க. நாலு நிமிசம்தான் இருக்கு!”

இவர் பிடித்தார். பாடகர் மாடத்துக்குப் படி ஏறி, மீதிக் கதையைப் படியிலேயே கேட்டு, கீபோர்ட்டை நிறுத்தி... பார்த்தால், பாட்டுப் புத்தகத்தின் பக்கம் திருப்பும் பிள்ளை மழையில் அகப்பட்டு வரவில்லை. “நான் தலையாட்டினா திருப்புங்க” என்றா அக்கா. சுவரம் ஒன்றும் தெரியாத மனிதர், ஒரு பூசை முழுக்க, ஒரு பக்கமும் தவறாமல் திருப்பினாராம். பொம்பிளை முழு இசையோடு நடந்து வந்தா.

ஆறு மணிக்கு எங்கள் கார் வெள்ளவத்தைக்கு வந்து நின்றது. அக்கா ஓட்ட, பக்கத்தில் இவர், மடியில் கேக் பெட்டி. இறங்கினதும் என்னைத் திட்டப்போகிறார் என்று நான் தயாராக நின்றேன். “ஒரு இடத்தில பக்கம் ரெண்டும் ஒட்டிக்கொண்டுது, தெரியுமோ? சமாளிச்சிட்டன்!” என்றார். முப்பது வருடத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஜெசிந்தா அக்காவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. தொடங்கினா, நிறுத்த முடியவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. காரில் சாய்ந்துகொண்டு சிரித்தோம். எந்தக் காரில் என்று கேட்காதீர்கள், தெரியாது!

கிரில் கதவுக்கு மேல் கிரில் கதவு போட்டு, பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டு வாழ்கிற ஊர் இது. பக்கத்து மாடியில் யார் என்று தெரியாது. நானோ, பெயர்கூடக் கேட்காமல் ஒருத்திக்குக் காரைக் கொடுத்தேன். கெட்டிக்காரத்தனமா? இல்லவே இல்லை. யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் அந்தச் சனிக்கிழமையை யாராவது திருப்பித் தருகிறேன் என்றால், எண்ணெய்ப் போத்தலோடு போய் வாங்கிக்கொள்வேன்.

இதை எழுதுகிற இன்றும் ஒரு சனிக்கிழமை. கொட்டாஞ்சேனையில் இன்னொரு கல்யாணமாம். பக்கம் திருப்ப ஆள் தேவையாம். இவர் அறைக்குள் சேர்ட் அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கிறார்... விசிலடித்தபடி!