பற்றவைத்துவிட்டு ஓடவும்

கம்பி மத்தாப்பைப் பாட்டிலில் நிறுத்திப் பற்றவைத்துவிட்டு ஓடச் சொன்ன முதல் எழுத்தாளன் அநேகமாக நான்தான். வேறு யாராவது முந்தியிருந்தால் தெரிவியுங்கள்... கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டி அச்சடிக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்கு வேண்டியவர். பெட்டிக்குப் பின்னால் போடும் 'உபயோகிக்கும் முறை'யை நல்ல தமிழில் எழுதித் தரச் சொன்னார். ராக்கெட்டுக்கு ரசித்து ரசித்து எழுதினேன். மத்தாப்புக்கு வந்தபோது அலுத்துவிட்டது. கம்ப்யூட்டர் எதற்கு இருக்கிறது? ராக்கெட்டை அப்படியே காப்பி-பேஸ்ட் செய்து, பெயரை மட்டும் மாற்றினேன். மீதியை அப்புறம் திருத்தலாம் — அந்த அப்புறம் வரவே இல்லை.

முதல் தாள்கள் மெஷினிலிருந்து இறங்கிய பிறகுதான் தப்பு அண்ணாச்சி கண்ணில் பட்டது.

பதறியடித்து அச்சகத்துக்குப் போய் நின்றேன். ஆனால் அவர் திட்டிக்கொண்டிருந்தது என்னையல்ல. புரூஃப் பார்க்கும் செல்வியை. தாயில்பட்டிப் பெண். அப்பா, அம்மா இருவருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. இந்த நாற்காலி போனால் அவளும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரி வைக்க வேண்டியதுதான்.

"எந்நேரமும் சாட்டிங்கு. நாலு வரி சேர்ந்தாப்புல வாசிக்கப் பொறுமை கெடையாது. நாளையிலருந்து வர வேண்டாம் தாயி" என்றவர், என் பக்கம் திரும்பினார். "போன மாசம் எழுதியிருந்தீகளே தம்பி, அம்புட்டும் நெசம்."

இன்டர்நெட் வந்து இளைஞர்கள் வாசிப்பதை மறந்துவிட்டார்கள், வெறுமனே பார்க்கிறார்கள் என்று இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் முழங்கியிருந்தேன். அதை வைத்தே ஒரு பெண்ணின் வேலை போகிறது... அவள் கைப்பையைத் தேடி எடுத்துவிட்டாள்.

சொல்லிவிட்டேன். தப்பாக எழுதியது நான்தான், திரும்ப வாசிக்கவும் இல்லை என்று.

அண்ணாச்சி தாளை என் பக்கம் தள்ளினார். "அப்ப ஒங்களையும்ல நிறுத்தணும்?"

நிறுத்தவில்லை. எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். மீதிப் பெட்டிகளின் வாசகம் அத்தனையையும் அவள் வாய்விட்டு வாசிக்க, நான் தாளில் விரல் வைத்துத் தொடர வேண்டும். நீண்ட வாக்கியங்களில் அவள் தடுக்கினாள், உண்மைதான். என் விரலோ பாதி வழியில் வேறெங்கோ போய்விட்டது. அதுவும் உண்மைதான்.

பிரவுசிங் சென்டர் பிள்ளைகள் சாட்டிங்கில் நாள் முழுக்க எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். என் வயதில் பரீட்சையைத் தவிர எங்கே எழுதினோம்? குறைந்துபோனது எழுத்தல்ல — எழுதியதன் மீது இன்னொரு முறை கண்ணை ஓட்டும் பொறுமை. அது வயது பார்த்துக் குறைவதாகத் தெரியவில்லை.

வேலை முடிந்ததும் செல்வியிடம் கேட்டேன், நீயாவது ஒழுங்காக வாசித்திருக்கக் கூடாதா என்று.

"நீங்க எழுதுனதுன்னு சொன்னாக சார். ஒங்க கட்டுரைன்னா நான் எப்பவும் கடைசி வரிய மட்டுந்தான் வாசிக்கிறது."