மாத்தியாச்சு என்ற ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன், நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அங்கே எடுக்கும் ஸ்கேன் படங்களை சர்வரிலிருந்து டேப்பில் பதிந்து வைப்போம். பழைய பாட்டு கேசட்டுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். அந்த முறையை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் நெட்வொர்க் ஸ்டோரேஜுக்குக் கொண்டுபோக முடிவானது. ஒவ்வொரு டேப்பாக ஓடவிட்டு நகலெடுக்கிற, பொறுமையைச் சோதிக்கும் வேலை. பாதியில் எனக்குப் பிரசவ விடுப்பு. மீதியை நிர்வாக அதிகாரி ஆள் வைத்து முடிப்பார், முடிந்ததும் சென்னை கம்பெனி இன்ஜினீயர் பழைய அமைப்பை நிறுத்திவிடுவார் என்று பேச்சு.

நான் திரும்பி வந்த வாரம் முட்டத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கணவர் கடலுக்குப் போகிறவர். முன்பு எங்கள் மருத்துவமனையில்தான் அவருக்குத் தலையில் கட்டி எடுத்திருந்தார்கள். மறுபடி தலைவலி. புதிய ஸ்கேனில் ஒரு நிழல். அது பழைய தழும்பா, புதிதாக வளர்கிற கட்டியா? பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம், இல்லையென்றால் தலையைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வீட்டிலிருந்த படங்கள், கடல் ஏறி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததில் வீணாகிவிட்டன.

புதிய ஸ்டோரேஜில் தேடினேன். நான் விட்டுப்போன இடத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. சென்னைக்குப் போன் போட்டால், "டேப்பெல்லாம் மாத்தியாச்சான்னு கேட்டேன் மேடம், உங்க சார் மாத்தியாச்சுன்னு சொன்னாரு" என்கிறார் இன்ஜினீயர்.

அதிகாரியிடம் ஓடினேன். அவர் நிதானமாக டீ குடித்தபடியே, நான் குதிப்பதைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்பிள்ளே இந்தச் சாட்டம் சாடுத? மாத்தியாச்சுல்லா. ஜெனரேட்டர் ஷெட்டுல பத்திரமா இருக்கு."

எங்கள் ஊரில் 'அந்தக் கட்டிலை மாத்து' என்றால், அங்கிருந்து எடுத்து ஒதுக்கி வை என்று அர்த்தம். அவர் டேப்பைத்தான் மாத்தியிருந்தார், அதிலிருந்த படங்களை அல்ல. கேட்டவர் ஒன்றை நினைத்துக் கேட்க, சொன்னவர் வேறொன்றை நினைத்துச் சொல்ல, இரண்டு பேருமே ஒரு ஃபைலைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அங்கேயே வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

ஷெட்டில் மழை ஒழுகியிருந்தது. நனைந்த அட்டைப் பெட்டிகளில் டேப்கள், மேலே கிழிந்த தார்ப்பாய், ஓரமாக டேப்பை ஓட்டும் டிரைவ். துடைத்து, காயவைத்து, ஒவ்வொன்றாக ஓட்டினேன். பூஞ்சை பிடித்தவற்றை டிரைவ் வெளியே துப்பிவிட்டது. வாசலில் அந்த அக்கா கொந்தை மணிகளை உருட்டி ஜெபித்தபடி நின்றார்.

"மக்களே, அந்த ஆளுக்க படம் கெடச்சா?"

அவர் கேட்கக் கேட்க எனக்கு அதிகாரி மேல் ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கிடைத்தது. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய தழும்புதான், கத்தி வைக்க வேண்டாம் என்றார். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதிகாரியோ, "அதான் கெடச்சிட்டுல்லா, பின்ன எதுக்கு இந்தச் சத்தம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு வருத்தம் கூடச் சொல்லவில்லை.

இப்போது வேறு இடத்தில் வேலை. யாராவது 'மாத்தியாச்சு' என்றால், எனக்கு ஒரு படத்தைத் திறந்து காட்டுங்கள் என்கிறேன். முசுடு என்கிறார்கள், இருந்துவிட்டுப் போகிறேன். முட்டத்துக்காரருக்குப் படம் கிடைத்துவிட்டது. டிரைவ் துப்பிய டேப்களில் இருந்தவர்கள் யார் யாரோ, அவர்கள் வந்து கேட்டபோது அந்த ஆஸ்பத்திரி என்ன பதில் சொன்னதோ என்ற கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.